காளான் எக்ஸ்ட்ராக்ட் ஏன் டப்பாவுக்கு டப்பா நிறம் மாறுகிறது?

போன மாதம் ராஜபாளையம் போயிருந்தபோது அம்மா இரண்டு டப்பாக்களை எடுத்து வந்து என் லேப்டாப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே லேபிள், ஒரே விலை. 'ரெய்ஷி காளான் எக்ஸ்ட்ராக்ட், 500 மில்லிகிராம், 60 கேப்ஸ்யூல்'. பேட்ச் எண் மட்டும்தான் வேறு.

"ஏய்யா, ஆளுக்கொரு மாத்திரையப் பிரிச்சுப் பாரு. போன தடவ வரைக்கும் நல்லா கோதுமை மாவு கணக்கா வந்துச்சு. இந்தத் தடவ காப்பிப்பொடி மாதிரி இருக்கு. தீஞ்சு போனத அனுப்பிட்டாங்களா, இல்ல போலியா?"

பிரித்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. ஒன்று வெளிர் கிரீம் நிறம், நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு. இன்னொன்று அடர் பழுப்பு, வேப்பங்கொழுந்து மாதிரி கசப்பு.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஊரில் தெரிந்தவர் ஒருவர், ஆள் சேர்த்து விற்கும் திட்டம் ஒன்றில் இருக்கிறார், "ஹார்ட்டுக்கு நல்லது" என்று சொல்லி இதைக் கொடுத்திருக்கிறார். டப்பா 1,850 ரூபாய். தினம் இரண்டு என்று மூன்று டப்பா முடிந்து, நான்காவது டப்பா வந்தபோதுதான் இந்த நிறப் பிரச்சினை. எனக்கு இந்த விஷயமே அன்றைக்குத்தான் தெரியும். மகன் திட்டுவான் என்று சொல்லவில்லையாம்.

உண்மையைச் சொன்னால் முதலில் நானும் அம்மா கட்சிதான். கறுப்பாக இருப்பதுதான் கெட்டுப்போனது என்று நினைத்தேன். நான் படித்தது பி.இ., அதுவும் கம்ப்யூட்டர். காளானுக்கும் எனக்கும் தொடர்பு பரோட்டாவுக்கு வரும் காளான் மசாலாவோடு சரி. ஆனால் ஒரே புரோகிராம், ஒரே இன்புட், இரண்டு வேறு அவுட்புட் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. மூன்று வாரம் படித்ததையும், வீட்டு அடுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தையைச் சரி செய்துகொள்வோம். காளானைக் காயவைத்து அரைத்தால் அது வெறும் காளான் பொடி. எக்ஸ்ட்ராக்ட் என்பது வேறு. காய்ந்த காளானை வெந்நீரில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, சக்கையை வடிகட்டி, சாற்றைச் சுண்டவைத்து, அதை உலர்த்தித் தூளாக்குவது. ஏன் இவ்வளவு வேலை? காளானின் செல் சுவரில் கைட்டின் இருக்கிறது. இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். நம் வயிறு அதை எளிதில் உடைக்காது. அந்தச் சுவரில் சிக்கியிருக்கும் பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிகளை வெளியே எடுக்கத்தான் வெந்நீர். ரெய்ஷியில் கூடுதலாக டிரைடெர்பீன் என்ற கசப்புப் பொருள்கள் உண்டு. அவை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால் சிலர் வெந்நீரில் ஒருமுறை, ஆல்கஹாலில் ஒருமுறை என இரண்டு சாறும் எடுத்துக் கலப்பார்கள். எதில் ஊறவைத்தோம் என்பதைப் பொறுத்தே பாதி நிறம் முடிவாகிவிடும். நம்ம வீட்டுக் கஷாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மூலப்பொருளின் நிறம் அடுத்தது. சாகா என்ற ஒன்று, குளிர் நாடுகளில் பர்ச் மரத்தில் கரிக்கட்டி மாதிரி வளர்வது, அதன் மேல்பகுதி முழுக்க மெலனின். அதன் சாறு கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், வெளுத்திருந்தால்தான் சந்தேகப்படணும். கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் ஆரஞ்சு நிறம், கேரட் வகையைச் சேர்ந்த நிறமிகள். அதிலும் வெளிச்சம் பட்டு வளர்ந்தால்தான் அந்த ஆரஞ்சு வரும். இருட்டில் வளர்த்தால் வெளுத்துப்போய் நிற்கும். லயன்ஸ் மேன் என்கிற சிங்கப்பிடரிக் காளான் பறிக்கும்போது பஞ்சு மாதிரி வெள்ளை.

ரெய்ஷி என்பது கனோடெர்மா என்ற பேரினம். மரத்தில் விசிறி மாதிரி, வார்னிஷ் அடித்தது போலப் பளபளவென்று செம்பழுப்பில் வளரும். இது ஏதோ சீனா, ஜப்பான் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இவன் பழைய எதிரி. தஞ்சாவூர் வாடல் நோய் என்று சொல்வார்களே, 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் பரவலாகப் பார்க்கப்பட்டு அந்தப் பெயர் வந்தது. தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து, மட்டை தொங்கி, கடைசியில் மரமே போய்விடும். அதற்குக் காரணம் கனோடெர்மா காளான்கள்தான். சேத்தூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் சித்தப்பாவிடம் ரெய்ஷி படத்தைக் காட்டினேன். "இதுக்கா 1,850 ரூபா? நான் இத ஒழிக்கிறதுக்குல்லடா காசு செலவழிச்சுட்டிருக்கேன்" என்றார். (தோப்பில் இருப்பதும் மருந்துக்கு வளர்ப்பதும் ஒரே இனம் இல்லை. யாரும் மரத்திலிருந்து பிய்த்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள்.) இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல காலமாக 'கனோடெர்மா லூசிடம்' என்ற ஐரோப்பிய இனத்தின் பெயரில் விற்கப்பட்ட சீன வளர்ப்புக் காளான் தனி இனம் என்று 2012-ல் பிரித்து, 'கனோடெர்மா லிங்ஷி' என்று பெயர் வைத்தார்கள். லேபிள்களில் இன்னும் பழைய பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக ஒரே பெயரில் வேறு வேறு இனம் உள்ளே போகவும் வாய்ப்பு உண்டு.

ஆனால் எந்த ரெய்ஷியை எடுத்தாலும் காய்ந்த காளான் பழுப்புதான், அதன் சாறு அதைவிட அடர் பழுப்புதான். கோதுமை மாவு நிறம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இந்த இடத்தில்தான் எனக்குத் தலைகீழாகத் திரும்பியது. கறுத்தது ஏன் கறுத்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். வெளுத்தது ஏன் வெளுத்தது என்றல்லவா கேட்டிருக்கணும்?

அதற்குப் போகும் முன் கறுப்பதை முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு வழி காட்டியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா. அம்மாவின் அண்ணன், முப்பது வருஷம் பால்கோவா அடுப்பில் நின்றவர், இப்போது முழங்கால் வலியால் வீட்டில் இருக்கிறார். ஆண்டாள் கோயில் தெருவில் நடந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள். கடைக்குக் கடை பால்கோவா நிறம் மாறும். ஒன்று சந்தன நிறம், ஒன்று வெல்லத்தை நெருங்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், பாலும் சீனியும் தவிர வேறொன்றும் கிடையாது, பிறகு ஏன் இத்தனை நிறம்?

"மாப்ள, பால் ஒண்ணுதான், சீனி ஒண்ணுதான். தீ ஒண்ணு இல்லல்ல" என்றார் மாமா. "வெறகு நல்லா எரிஞ்சு அடுப்பு சூடா இருந்தா வெரசாச் சுண்டும், வெளுப்பா நிக்கும். தீ மந்தமா இருந்தா ரொம்ப நேரம் கெடக்கும், செவந்துரும். கெளறுற கை நின்னுச்சுன்னா அடில செவக்கும். மாட்டுப் பாலுக்கு ஒரு நெறம், எருமைப் பாலுக்கு ஒரு நெறம். நேத்துப் போட்டது இன்னிக்கு இன்னும் கொஞ்சம் செவந்திருக்கும்."

சூடு கூடினால்தானே கறுக்கும், இவர் என்ன மாற்றிச் சொல்கிறார் என்று நான் விழித்தேன். ஆனால் கணக்கு சரி. வாணலியில் தண்ணீர் இருக்கும் வரை பாலின் சூடு நூறு டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. அதனால் வெப்பத்தைவிட, எவ்வளவு நேரம் அந்த வெப்பத்தில் கிடந்தது என்பதே முக்கியம். வேகமாகத் தண்ணீரை ஓட்டிவிட்டால் சிவக்க நேரமில்லை. தண்ணீர் முக்கால்வாசி போன பிறகு நிலைமை வேறு, அப்போது ஒரு நிமிஷக் கவனக்குறைவு போதும்.

இதற்கு மெய்லார்ட் வினை என்று பெயர். 1912-ல் லூயி கமீல் மெய்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்தது. சில வகைச் சர்க்கரையும் புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தரும் வினை. தோசை முறுகுவது, காப்பிக்கொட்டை வறுபடுவது, பால்கோவா சிவப்பது எல்லாம் பெரும்பாலும் இதுதான். பாலில் லாக்டோஸ் இருக்கிறது, புரதம் இருக்கிறது. காளான் சாற்றில் அமினோ அமிலங்கள் ஏராளம் (காளானுக்கு அந்தக் கறிச் சுவையைத் தருவதே அவற்றில் ஒன்றான குளூட்டமேட்தான்), வினைபுரியக்கூடிய குளூக்கோஸ் போன்ற சர்க்கரையும் கொஞ்சம் உண்டு. ஆகவே காளான் சாற்றைச் சுண்டவைப்பதும் ஒரு வகையில் பால்கோவா கிண்டுவதுதான். எவ்வளவு நேரம் கொதித்தது, எவ்வளவு கெட்டியாகும் வரை சூட்டில் இருந்தது, காற்று வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் சுண்டியதா, திறந்த பாத்திரத்தில் சுண்டியதா? ஒவ்வொரு பேட்ச்சிலும் இதில் சின்ன மாறுதல் இருந்தால் நிறத்தில் மாறுதல் தெரியும். அது குற்றம் இல்லை.

மெய்லார்டுக்கு முன்னாலேயே இன்னொரு பழுப்பு வேலை நடந்துவிடும். கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுக்கிறதே, அது. காளானில் டைரோசினேஸ் என்ற நொதி உண்டு. செல் நசுங்கியதும் காற்றோடு சேர்ந்து மெலனின் போன்ற கறுப்புப் பொருளைச் செய்யும். நம் தோலுக்கு நிறம் தருவதும் இதே குடும்பத்து நொதிதான். பறித்தவுடன் ஆவியில் காட்டினால் நொதி செத்துவிடும், நிறம் நிற்கும். கூடையில் நசுங்கி ஒரு நாள் கிடந்து பிறகு காய்ந்தால், கறுத்த சரக்கு.

படித்தது போதும் என்று செய்து பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும் வழியில் காளான் வளர்ப்பவர் ஒருவரிடம் வெள்ளைச் சிப்பிக்காளான் 2 கிலோ வாங்கினேன். நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கும் காளானுக்கும் நல்ல உறவு உண்டு என்பது அவர் சொல்லித்தான் தெரியும். அருப்புக்கோட்டையில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் ஏ.பி.கே. 2 என்ற பால்காளான் ரகம் 1998-ல் வெளிவந்தது. ஏ.பி.கே. என்பதே அருப்புக்கோட்டையின் சுருக்கம். மற்ற காளான் எல்லாம் குளிர்ச்சி கேட்கும்போது இது நம்ம ஊர் 35 டிகிரியில் சந்தோஷமாக வளர்கிறது. ரோஸ் நிறச் சிப்பிக்காளானும் கொஞ்சம் வைத்திருந்தார். பூ மாதிரி இருந்தது. வாங்கிப்போய்ச் சட்டியில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் ரோஸ் காணாமல் போய்விட்டது. அந்த நிறமி புரதத்தோடு ஒட்டியது, சூடு தாங்காது. வாங்கும்போது இருக்கும் நிறம் டப்பாவுக்குள் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2 கிலோ காய்ந்து கிட்டத்தட்ட 200 கிராம் ஆனது; காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு பங்கைப் பறித்த அழகிலேயே மொட்டை மாடியில் காயவைத்தேன், வைக்கோல் நிறம். ஒரு பங்கைக் கையால் நசுக்கி ராத்திரி முழுக்க வைத்திருந்து காயவைத்தேன், மங்கின பழுப்பு. நல்ல சரக்கில் 50 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். சாறு வெளிர் தேநீர் மாதிரி இருந்தது. அதைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அகலமான தட்டில் ஊற்றி வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சுண்டவிட்டேன். தேன் நிறத்தில் நின்றது. இன்னொரு பாதியை நேராகச் சட்டியில் கடைசிச் சொட்டு வரை அடுப்பிலேயே விட்டேன். டிகாஷன் நிறம், கொஞ்சம் கருகிய வாசனை. ஒரே காளான், ஒரே சாறு, அரை மணி நேர அடுப்பு வித்தியாசம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கேஸு தீந்துருச்சுன்னா நீதான் புக் பண்ணணும்" என்று மட்டும் சொன்னார்.

கறுப்புக்கு விடை கிடைத்தது. வெளுப்புக்கு?

சட்டியில் ஒட்டிய அந்தச் சாறு காயவே காயாது. பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, காற்றில் வைத்தால் ஈரத்தை இழுத்து மறுபடி இளகும். தொழிற்சாலையிலும் இதே தொல்லைதான். அங்கே ஸ்ப்ரே டிரையர் என்ற எந்திரத்தில், 150 முதல் 200 டிகிரி வரையிலான சூடான காற்றுக்குள் சாற்றைப் பனித்துளி மாதிரி தெளிப்பார்கள். விழும் சில நொடிக்குள் துளி தூளாகிவிடும். தண்ணீர் ஆவியாகும்போது துளி குளிர்வதால் காற்றின் சூடு முழுசும் அதற்கு ஏறாது. சுவரில் ஒட்டாமல் இருக்க மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டைத் தாங்கியாகச் சேர்ப்பார்கள். வெள்ளைத் தூள், லேசான இனிப்பு. நியாயமான அளவு சேர்ப்பது தொழில் தேவை. நியாயம் எங்கே முடிகிறது என்பதில்தான் விஷயம். என் டிகாஷன் நிறச் சாற்றில் ஒரு ஸ்பூனுக்கு நாலு ஸ்பூன் சோள மாவு கலந்து காயவைத்து அரைத்தேன். அப்பாவின் பழைய டப்பா நிறம் அப்படியே வந்தது! அரைக்கிற நைஸும் இதில் சேரும். கருப்பட்டிக் கட்டி கறுப்பு, இடித்துத் தூளாக்கினால் செம்மண் நிறம் ஆகிறதல்லவா, அதே ஒளிச்சிதறல்தான். ஆனால் நைஸாக அரைத்து மட்டும் அடர் பழுப்பைக் கோதுமை மாவாக்க முடியாது.

வெளுப்புக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாதது. காளான் என்று நாம் சாப்பிடுவது அதன் கனி. அதற்கு முன்னால் அது வெள்ளை நூல் மாதிரி, மைசீலியம் என்ற பூசண இழையாகப் பரவியிருக்கும். அரிசி, சோளம், ஓட்ஸ் போன்ற தானியத்தை அவித்து அதில் இந்த இழையை வளர்த்து, கனி வரும்வரை காத்திருக்காமல் தானியத்தோடு சேர்த்தே காயவைத்து அரைத்து விற்பது ஒரு முறை. இழையைத் தானியத்திலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே அந்தத் தூளில் பெரும் பங்கு மீதமுள்ள மாவுச்சத்துதான். நிறம் கிரீம். லேபிளில் அப்படியே எழுதி விற்றால் வாங்குபவர் பாடு. 'காளான் எக்ஸ்ட்ராக்ட்' என்று போட்டு விற்றால் அது வேறு கதை.

இதைச் சோதிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்தது போதும். மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலம். காளானுக்குள் இயல்பாக மாவுச்சத்து கிடையாது. அது சேமித்து வைப்பது நம் ஈரலில் இருப்பது போன்ற கிளைக்கோஜன், அதற்குக் கருநீலம் வராது. மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் பாட்டில் ஒன்று வாங்கினேன். ஐந்து சில்வர் கிண்ணம்: அரிசி மாவு, என் வீட்டுச் சிப்பிக்காளான் தூள், சோள மாவு கலந்த என் சொந்தத் தயாரிப்பு, வெளுத்த டப்பா, கறுத்த டப்பா. எல்லாவற்றிலும் வெதுவெதுப்பான தண்ணீர், நிறம் மறைக்காத அளவு நன்றாக நீர்க்கவிட்டு, நாலைந்து சொட்டு. அரிசி மாவு எதிர்பார்த்தபடி மை மாதிரி ஆனது. சிப்பிக்காளான் மஞ்சள் பழுப்பிலேயே நின்றது. என் சோள மாவுக் கலவை மை. வெளுத்த டப்பாவும் மை! கறுத்த டப்பா மாறவே இல்லை. இன்னும் நாலு சொட்டு விட்டேன், அப்போதும் மாறவில்லை.

இந்தச் சோதனை எதைச் சொல்லாது என்பதையும் எழுதணும். நீலம் வந்தால் மாவுச்சத்து இருக்கிறது, அவ்வளவுதான்; அது தானியமா, பிறகு கொட்டியதா என்று சொல்லாது. நீலம் வராவிட்டால் சுத்தம் என்றும் அர்த்தமில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் போதுமான அளவு உடைந்திருந்தால் அயோடினுக்கு அகப்படாது. கறுத்த டப்பாவில் இருப்பது உண்மையிலேயே ரெய்ஷி என்பதற்குக் கசப்பு ஒரு நல்ல அறிகுறி, சான்று இல்லை.

கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். 'இயற்கைப் பொருள் என்பதால் நிறம் மாறுவது இயல்பு' என்று இரண்டு வரிப் பதில். மேலே நான் எழுதியதைப் பார்த்தால் இந்தப் பதில் பொய்யும் இல்லை. அதனால்தான் எரிச்சல். எங்கள் தொழிலில் பில்ட் எண் மாறினால் என்ன மாறியது என்று ஒரு குறிப்பாவது இருக்கும். விடாமல் கேட்டதில் ஒரு ஆய்வுச் சான்று அனுப்பினார்கள். அதில் 'பாலிசாக்கரைடு 30 சதவீதத்துக்கு மேல்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரைச் சங்கிலி. பீட்டா குளூக்கனும் அதில் வரும், மாவுச்சத்தும் வரும், மால்டோடெக்ஸ்ட்ரினும் வரும். நம்ம வீட்டு அரிசி மாவைக் கொடுத்தால்கூட 70 சதவீதத்துக்கு மேல் பாலிசாக்கரைடு என்று சான்று வந்துவிடும். கேட்க வேண்டியது பீட்டா குளூக்கன் எவ்வளவு, ஆல்பா குளூக்கன் (மாவுச்சத்து வகை) எவ்வளவு என்று தனித்தனியாக. அதை அளக்கத் தனி முறை இருக்கிறது, ஆய்வகங்கள் செய்கின்றன. ரெய்ஷி என்றால் டிரைடெர்பீன் எவ்வளவு என்பதும் சேர்த்து. '8:1', '10:1' என்று போடுவது எத்தனை கிலோ காளானிலிருந்து ஒரு கிலோ தூள் என்பதை மட்டும் சொல்லும். என் சட்டியில் கருகிய சாற்றுக்கும் ஒரு விகிதம் எழுதலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் 14 இலக்கம், அதை அவர்கள் இணையதளத்தில் சரிபார்க்கலாம், பார்த்தேன், சரியாகவே இருந்தது. அது உரிமம் இருக்கிறது என்பதற்கு. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு இல்லை.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 19 ரெய்ஷிச் சரக்குகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2017-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. லேபிளில் சொன்னதோடு ஒத்துப்போனது ஐந்தே ஐந்து.

சரி, அம்மாவின் கேள்விக்குப் பதில் ரெடி. கறுத்தது தீயவில்லை, வெளுத்ததுதான் சந்தேகம். பெருமையாகச் சொல்லப் போன இடத்தில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்பா ஸ்டென்டுக்காக ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார். இரண்டும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை. ரெய்ஷிச் சாறும் ஆய்வகக் குழாயில் தட்டணு ஒட்டுவதைக் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆரோக்கியமான ஆட்களிடம் செய்த சிறிய சோதனையில் பெரிய விளைவு தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே இரண்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த எழுபது வயதுக்காரர்கள் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ரெய்ஷியைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். அப்படியென்றால் மூன்று மாதம் அப்பா சாப்பிட்டது பாதி மாவாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது மாதம் நிஜச் சரக்கு வந்திருக்கிறது. போலி என்று அம்மா பயந்த டப்பாதான் உண்மையாக வேலை செய்யக்கூடிய டப்பா, பயப்பட வேண்டியதும் அதற்குத்தான், வேறு காரணத்துக்காக.

நன்மை இருந்தாலாவது ரிஸ்க் எடுக்கலாம் என்று பார்த்தேன். சர்க்கரை நோயாளிகளின் இதய ஆபத்துக் காரணிகளுக்கு ரெய்ஷி உதவுமா என்று காக்ரேன் குழு 2015-ல் தொகுத்தது. ஐந்து சோதனைகள், மொத்தம் 398 பேர். பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று முடித்திருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கறுப்பாக இருப்பதே வீரியம் என்று நினைப்பவர்களுக்காக. ஜப்பானில் 72 வயதுப் பெண்மணி ஒருவர் சாகா தூளைத் தினம் நாலைந்து டீஸ்பூன் வீதம் ஆறு மாதம் சாப்பிட்டு, அதிலிருக்கும் ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் படிந்து சிறுநீரகம் செயலிழந்தது 2014-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அது கலப்படம் இல்லை. நல்ல சாகா.

மறுநாள் காலை அப்பாவை அவருடைய டாக்டரிடம் கூட்டிப்போனேன். டப்பாவையும் எடுத்துப்போனேன். அவர் நிறத்தையெல்லாம் பார்க்கவில்லை. லேபிளைப் படித்துவிட்டு, "ஈறுல ரத்தம் வருதா? மலம் கறுப்பாப் போகுதா?" என்று கேட்டார். ஷேவ் பண்ணும்போது வெட்டினால் ரத்தம் நிற்க நேரமாகிறது என்று அப்பா அப்போதுதான் சொன்னார். அது ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையாலும் இருக்கலாம், எதுவாக இருந்தாலும் இதை இன்றோடு நிறுத்துங்கள் என்றார் டாக்டர். ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு சரியாக வந்தது.

திரும்பும்போது கார் பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டும் வரை அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அப்போ மூணு மாசமா நான் தின்னது அரிசி மாவா?"

"அரிசியோ சோளமோப்பா. அயோடினுக்கு அது தெரியாது."

"5,550 ரூபாய்க்கா?"

"ஆமாப்பா."

"உங்கம்மாட்ட சொல்லாத. நாந்தான் வாங்கச் சொன்னேன்."